வழியனுப்ப வந்தவருக்கு ரிக்கெற் இல்லை

போன மாதம் கலைப்பீடக் கன்ரீனில் ஒரு வாக்குவாதம். யாரோ போனில் ஒரு செய்தியைக் காட்டினார்கள். எங்கேயோ ஒரு நாட்டில் ஆர்ப்பாட்டம், விமான நிலையம் முடங்கிக் கிடக்கிறது, அரைக் காற்சட்டையும் தொப்பியுமாக வெள்ளைக்காரர்கள் சூட்கேசில் தலை வைத்துப் படுத்திருக்கிறார்கள். எங்கட பட்ச் பெடியன் ஒருவன் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னான்: "போராடுறவை என்னவும் செய்யட்டும். எயார்போட்டில மட்டும் கை வைக்கக் கூடாது. வந்த சனம் என்ன பாவம் செய்தது? எங்கட நாட்டிலயும் 2022 இல உதுதானே நடந்தது."

மேசையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டப் பார்த்தேன். கடைசி வசனம்தான் தொண்டையில் சிக்கியது. 2022 இல் உதுவா நடந்தது?

எனக்கு அந்த ஜூலை நல்லா ஞாபகம் இருக்கு. ஏ.எல். எழுதிவிட்டு பெறுபேற்றுக்காக அனலைதீவில் வீட்டில் இருந்த காலம். எனவே இதை எங்கட வீட்டுக் கதையில் இருந்தே தொடங்குகிறேன். பிறகு சண்டைக்கு வருவோம்.

எங்கட அப்பம்மா 2021 இல் மோசம் போனா. கொரோனா. ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாவால் வர முடியவில்லை. செத்தவீட்டை வட்ஸப்பில்தான் பார்த்தார். கொள்ளி வைக்கிற நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. தீவில் அது புதினமில்லை, ஆனால் சித்தப்பாவுக்கு அது இன்றைக்கும் ஆறாத விசயம். அதனால் ஆட்டைத் திவசத்துக்கு எப்பாடுபட்டாவது வருவேன் என்று நின்று, 2022 ஜூன் கடைசியில் வந்து இறங்கினார். அவர் வந்த அந்தக் கிழமைதான் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா ஆனது. முதல் வருச டிசம்பரில் அது 121 ரூபா. விலையை விடுங்கள், காசு குடுத்தாலும் எண்ணெய் இல்லை. ஜூன் 27 இரவு அரசாங்கம் அறிவித்தது: ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். சுகாதாரம், துறைமுகம், விமான நிலையம், உணவு விநியோகம், விவசாயம் என்று செய்தியில் வாசித்தார்கள். தீவுக்கு ஓடுகிற படகு என்று ஒரு சொல் என் காதில் விழவில்லை.

அனலைதீவு தெரியாதவர்களுக்காக: யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்சில் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும். அதோடு தரை முடிந்துவிடும். அங்கிருந்து படகு. கடல் நல்ல மனநிலையில் இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து சேரலாம். பாலம் இல்லை. இனி வரும் என்று யாரும் கனவும் காண்பதில்லை. புகையிலைச் சிப்பமும் போக வேண்டும், பிள்ளைத்தாச்சியும் போக வேண்டும், கம்பஸ் பிள்ளையும் போக வேண்டும், எல்லாத்துக்கும் அந்தப் படகுதான். அந்தப் படகு அந்தக் கிழமை ஒருநாள் ஓடியது, ஒருநாள் ஓடவில்லை.

சித்தப்பாவின் பிளைட் ஜூலை 9 மத்தியானம். நீங்கள் அந்தத் திகதியை எங்கேயோ கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களுக்கு அப்ப அது வெறும் சனிக்கிழமை. 8 ஆம் திகதி காலமை இறங்குதுறைக்குப் போனால் படகு இல்லை. டீசல் கிடைக்கவில்லை, பின்னேரம் பார்ப்போம் என்றார்கள். பின்னேரம் போனால் இரவு பஸ் போய்விடும். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணை தன்ர வள்ளத்தை எடுத்தார். அவரிடம் ஒரு கான் மண்ணெண்ணெய் இருந்தது. வரிசையில் நின்று எடுத்து வைத்தது, இரண்டு நாள் தொழிலுக்கான எண்ணெய். அதைத்தான் எஞ்சினுக்கு ஊற்றினார். சித்தப்பா காசு நீட்டினார், அண்ணை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். வாங்காமல் விட்டிருந்தால் இந்தக் கதை கேட்க வடிவாக இருந்திருக்கும். ஆனால் இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

சோளகக் காற்று. சூட்கேசுகளைப் பொலித்தீன் போட்டு மூடிக் கட்டி, நாங்கள் நனைந்துகொண்டு போனோம். ஊர்காவற்றுறையில் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு நான் அதே வள்ளத்தில் திரும்பி வந்துவிட்டேன். மிச்சம் அப்பா சொல்லித்தான் தெரியும். அப்பா சித்தப்பாவை வழியனுப்பக் கூடப் போனார்.

இரவு பஸ் கிளம்பி இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் களனியிலும் நுகேகொடையிலும் கல்கிசையிலும் ஒன்பது மணியில் இருந்து பொலிஸ் ஊரடங்கு என்று செய்தி வந்துவிட்டது. அடுத்த நாள் கொழும்பில் பெரிய ஆர்ப்பாட்டம் என்று அறிவித்திருந்தார்கள், அதை மறிக்கத்தான். கட்டுநாயக்க இருப்பது நீர்கொழும்புப் பக்கம். விடியப்புறம் நீர்கொழும்புக்குக் கிட்ட பஸ்சை மறித்தாயிற்று. அந்தக் காலத்து ஊரடங்குகளில் ஒரு வழக்கம் இருந்தது, விமானச் சீட்டு வைத்திருந்தால் அதுதான் அனுமதிப் பத்திரம். சித்தப்பா கடதாசியைக் காட்டினார். சரி, போகலாம். அப்பாவைப் பார்த்துக் கேட்டார்கள், உங்கட ரிக்கெற் எங்கே? வழியனுப்ப வந்தவருக்கு ஏது ரிக்கெற்?

அண்ணன் தம்பி இரண்டு பேரும் அந்த இருட்டில் றோட்டில் நின்று கட்டிப்பிடித்துப் பிரிந்திருக்கிறார்கள். சித்தப்பாவை ஒரு ஓட்டோ ஏற்றிக்கொண்டு போனது. அப்பா பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் குந்தி இருந்தார். சட்டத்தரணிகள் சங்கம் உட்படப் பல தரப்பும் இந்த ஊரடங்கு சட்டவிரோதம் என்று சொல்ல, காலமை எட்டு மணிக்கு அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா கண்டதைத்தான் கன்ரீனில் எல்லாருக்கும் சொல்ல நினைத்தேன். லொறியிலும் பஸ்சிலும் நடந்தும், கொடியோடு சனம் போய்க்கொண்டே இருந்ததாம். "அவ்வளவு சனத்தில ஒருத்தரும் எயார்போட் பக்கம் திரும்பேல்லை. எல்லாரும் கொழும்புப் பக்கம்தான் போனவை" என்றார் அப்பா.

சித்தப்பாவின் பிளைட் மணிக்கணக்கில் பிந்தித்தான் வெளிக்கிட்டது. வெளிக்கிட்டு நேரே வளைகுடாவுக்குப் போகவில்லை, முதலில் கேரளாவில் இறங்கி எண்ணெய் அடித்தது. அங்கால ரொறன்ரோ பிளைட்டைத் தவறவிட்டு, ஒரு இரவு கதிரையில் படுத்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் முகநூலில் எழுதினார்: போராட்டம் எண்டு நாட்டைக் குழப்பி, வந்தவனையும் அந்தரப்பட வைச்சிட்டாங்கள். சொந்தக்காரர் அத்தனை பேரும் லைக். நான் மட்டும் போடவில்லை. அதற்கு அவர் இன்றைக்கும் கோவம்.

சித்தப்பாவோடும் பட்ச் பெடியனோடும் எனக்குள்ள பிரச்சினை ஒன்றுதான். அந்தப் பயணத்தில் அவரை மறித்தவற்றில் ஒன்றுகூட ஆர்ப்பாட்டக்காரர் போட்ட மறிப்பு இல்லை. படகை நிற்பாட்டியது டீசல் இல்லாமை. பஸ்சை மறித்தது ஆர்ப்பாட்டத்தைத் தடுக்க அரசு போட்ட ஊரடங்கு. விமானத்தைச் சுற்ற வைத்தது விமான எரிபொருள் தட்டுப்பாடு. அந்த மாதங்களில் எத்தனையோ விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. டொலர் இல்லாத நாட்டில் எண்ணெய்க் கப்பல் எப்படி வரும்? சனம் தெருவுக்கு வந்ததே இதனால்தானே. விளைவைப் பிடித்துக் காரணம் என்று சொல்லக் கூடாது. அதே வருசம் ஜூன் 2 ஆம் திகதி ஒரு ரஷ்ய விமானம் 191 பயணிகளோடு கட்டுநாயக்கவில் நின்றுபோனது. அதுவும் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் போட்ட வழக்கில் கொழும்பு நீதிமன்றம் இட்ட கட்டளையால்தான்.

நியாயமாகக் கதைத்தால், படங்களைப் பார்த்துப் பயந்து வராமல் விட்ட சுற்றுலாப் பயணிகளும் இருந்திருப்பார்கள். 2018 இல் 23 இலட்சத்துக்கு மேல் வந்த நாட்டுக்கு 2022 இல் கிட்டத்தட்ட 7 இலட்சத்து 20 ஆயிரம் பேர்தான் வந்தார்கள். அதில் ஆர்ப்பாட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கரண்ட் இல்லாத ஹோட்டலுக்கும் பெற்றோல் இல்லாத வானுக்கும் இருந்த பங்கு அதைவிடப் பெரிசு என்பது என்ர எண்ணம்.

அப்ப அந்தப் போராட்டம் கட்டுநாயக்க பக்கமே போகவில்லையா? போனது, இரண்டு தரம்.

முதல் தரம் மே மாதம். மே 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் இருந்தவர்களை அடித்து, கூடாரங்களை எரித்து, நாடு முழுக்க அது பற்றி, மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகி, திருகோணமலைக் கடற்படை முகாமுக்குப் போய் ஒளிந்தாரே, அப்போது. அடுத்த நாள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகிற பாதையில் பெடியள் கூடி வாகனங்களை மறித்துச் சோதித்தார்கள், ராஜபக்ஷக்களும் அவர்களின் ஆட்களும் தப்பிப் போகிறார்களா என்று. இது எனக்குச் சரியான சங்கடம். வாகனத்தை மறித்து உள்ளே எட்டிப் பார்க்கிற ஆளைக் கண்டால், அவர் சீருடையில் இருந்தாலும் ஜீன்சில் இருந்தாலும், எங்கட வீட்டாருக்கு வயிறு கலங்கும். அது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தரம் ஜூலை 12. அதைத்தான் நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று விடியப்புறம் முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ நாட்டை விட்டுப் போக விமான நிலையத்துக்கு வந்தார். அங்கே காசு கட்டிப் பாவிக்கிற 'சில்க் றூட்' என்றொரு தனி வழி இருக்கு. வரிசை இல்லை, காத்திருப்பு இல்லை. அதிகாரி உங்களிடம் வந்து கடவுச்சீட்டைப் பார்ப்பார். அதிகாரிகள் சங்கம் அந்த வழியில் இனி வேலை செய்ய மாட்டோம் என்று விலகிவிட்டது. பயணிகளும் சத்தம் போட்டார்கள். பசில் திரும்பிப் போனார். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவுக்கும் அதேதான் என்று செய்திகள் சொல்லின. முத்திரை குத்த அதிகாரிகள் விஐபி அறைக்குப் போக மறுத்தார்கள். அவருக்குப் பொதுசனத்தோடு வரிசையில் நிற்கப் பயம். பிளைட்டுகள் அவரை ஏற்றாமலே போயின.

இதில் ஒரு சாதாரண பயணிக்குக்கூட ஒரு நிமிசமும் பிந்தியிருக்கத் தேவையில்லை. பொது வரிசை பாட்டுக்கு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அந்த அதிகாரிகள் கதவைப் பூட்டவில்லை, ஓடுபாதையில் படுக்கவில்லை. வரிசையில் வா என்று மட்டும்தான் சொன்னார்கள். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் மாதக்கணக்காய் வரிசையில் நின்ற நாட்டில், வரிசையை உண்டாக்கினவரை ஒருக்கால் வரிசையில் வரச் சொன்னார்கள். அதுகூட அவரால் ஏலாமல் போய்விட்டது. 13 ஆம் திகதி விடியப்புறம் அவர் மனைவியோடும் இரண்டு மெய்ப்பாதுகாவலர்களோடும் விமானப்படையின் அன்ரனோவ் 32 விமானத்தில் ஏறி மாலைதீவுக்குப் போனார். மறுநாள் அங்கிருந்து சிங்கப்பூர். பதவி விலகல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. நாடே எண்ணெய்க்குத் தவித்த கிழமையில் அந்த விமானத்துக்கு எண்ணெய் இருந்தது.

இனி மற்றப் பக்கம். உண்மையாகவே ஆர்ப்பாட்டக்காரர் விமான நிலையத்தைப் பூட்டிய இடங்கள் உண்டு, பட்ச் பெடியன் சொன்னது அங்கே பொருந்தும். 2008 ஓகஸ்டில் தாய்லாந்தின் மஞ்சள் சட்டைக்காரர் பூக்கெற், கிராபி, ஹற்ஜாய் விமான நிலையங்களை முடக்கினார்கள். பூக்கெற் முழுக்க முழுக்க உல்லாசப் பயணிகளின் ஊர். நவம்பர் 25 இல் பாங்கொக்கின் சுவர்ணபூமிக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். ஒரு கிழமைக்கு மேல் பிளைட் இல்லை. இலட்சக்கணக்கான சனம் சிக்கியது. டிசம்பர் 2 ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் ஆளும் கட்சியைக் கலைத்தது, பிரதமர் பதவி இழந்தார், அவர்கள் வென்றோம் என்று எழும்பிப் போனார்கள். சிக்கியவர்களில் வெள்ளைக்காரர் மட்டுமா இருந்திருப்பார்கள்? தாயின் செத்தவீட்டுக்கு வெளிக்கிட்ட ஒரு மகனாவது இருந்திருப்பான். எங்கட வீட்டில் வட்ஸப்பில் பார்த்த செத்தவீடு நடந்த பிறகு, அதை என்னால் சும்மா கடந்து போக முடியாது. எல்லாரையும் சிக்க வைத்து ஒரு ஆளை இறக்குகிற வழி எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கு. விமான நிலையத்தைப் பூட்ட எல்லாராலும் முடியாது. அந்த மஞ்சள் சட்டைக்காரரை அவ்வளவு நாளும் பொலிசோ இராணுவமோ அடித்துக் கலைக்கவில்லை. நட்டஈடாக 52 கோடி பாத்துக்கு மேல் கட்டச் சொல்லி நீதிமன்றம் தீர்த்ததே 2011 இல்தான். அந்த இடத்தில் எங்களைப் போல ஆட்களை வைத்துப் பாருங்கள். பலாலி வாசலில் நூறு தமிழ்ப் பெடியள் பாய் விரித்துப் படுத்தால் எத்தனை மணித்தியாலம் விடுவார்கள்? பிறகு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை.

வடக்கில் நிறையப் பேர் அரகலயவைத் தள்ளி நின்று பார்த்ததற்கும் இதில் ஒரு வேர் இருக்கு. 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. குடாநாட்டில் இருந்து வெளிக்கிட வேண்டும் என்றால் கப்பல் அல்லது பிளேன், இரண்டுக்கும் முதலில் அனுமதி. எனக்கு அப்போது மூன்று வயது. அந்தக் காலத்தில் அனுமதிக்காக அலைந்த கதையை அம்மா இன்னும் சொல்லுவா, சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். அந்தச் சனத்தை 'சிக்கித் தவிக்கும் பயணிகள்' என்று எந்தத் தொலைக்காட்சியும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பயணி என்றால் ரிக்கெற் இருக்க வேண்டும். ரிக்கெற் எடுக்கவே விடாத ஆள் பயணி இல்லை, வெறும் ஆள். அதனால் 2022 இல் கொழும்பு வரிசைகளைக் கண்டபோது ஊர்ப் பெரியாக்கள் "இப்பத்தான் அவைக்கு விளங்குது" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சில் முழு உடன்பாடு இல்லை. அந்த மே 18 இல் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி நினைவுகூர்ந்தார்கள். முதல் வருசம் யாரும் நினைத்தே பார்க்காத காரியம். அதற்குள்ளும் ஆயிரம் குறை சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கஞ்சியை ஊற்றியவர்களையும் சேர்த்துத்தான் சித்தப்பாவின் முகநூல் பதிவு திட்டுகிறது.

இப்ப எனக்குக் கோவம் எங்கே என்றால், அந்தப் பட்டியலில். விமான நிலையம் அத்தியாவசியம் என்று யாருக்கும் ஒரு நொடியில் விளங்குகிறது. சரி, அத்தியாவசியம்தான், டொலர் வருகிற வாசல். அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு படகுகளும் அத்தியாவசியம் என்று சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை? எங்களுக்கு அது பஸ், அது அம்புலன்ஸ், அது றோட்டு. கட்டுநாயக்க ஒரு நாள் நின்றால் உலகச் செய்தி. எங்கட படகு மாரி காலத்தில் கடல் அடித்தால் நாள்கணக்காய் நிற்கும், 2022 இல் கடல் சும்மா கிடந்தபோதும் நின்றது, பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாது. பிறகு கியூஆர் வந்து, வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து எண்ணெய் குடுத்தார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. மண்ணெண்ணெய் ஊற்றித்தான் இங்கே வள்ளம் ஓடுகிறது என்று விலை போட்டவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அடுத்த நெருக்கடி வரத்தான் செய்யும். அதற்கு முன் தீவுப் படகுகளை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்து, ஊர்காவற்றுறையிலும் குறிகாட்டுவானிலும் படகுக்கென்று ஒரு அளவு எண்ணெயை ஒதுக்கி வைத்தால் போதும். எங்களுக்கு ஓடுபாதை வேண்டாம்.

அந்த ஒரு வருசத்தில் மட்டும் இந்த நாட்டில் 9 இலட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டு குடுத்திருக்கிறார்கள். கன்ரீன் மேசையில் அன்றைக்கு இருந்த ஆறு பேரில் நாலு பேரிடம் கடவுச்சீட்டு இருக்கு, என்னிடமும்தான். நாங்களும் ஒருநாள் ரிக்கெற்றோடு அந்த மறிப்பைக் கடந்து போகலாம். அப்பா போக மாட்டார். அவரிடம் கடவுச்சீட்டு இல்லை, எடுக்கச் சொன்னால் "எனக்கேன்?" என்பார்.

அன்று நீர்கொழும்பில் இருந்து அப்பா வீடு வந்து சேர இரண்டு நாள் ஆனது. ஊர்காவற்றுறைக்கு வந்தபோது படகு ஓடவில்லை, இறங்குதுறையில்தான் படுத்தார். சித்தப்பா கதிரையில் படுத்த கதை முகநூலில் இருக்கு. இது இருக்காது, அப்பாவுக்கு முகநூல் இல்லை.

சித்தப்பா வாற வருசம் திரும்பவும் வருகிறார். கொழும்பு வேண்டாம், சென்னை வந்து பலாலியில் இறங்கப் போகிறாராம். 2020 மார்ச்சில் நின்ற சென்னை–பலாலி சேவை 2022 டிசம்பர் 12 இல்தான் திரும்பத் தொடங்கியது, அவர் அந்தரப்பட்ட ஜூலையில் அது இல்லை. நல்ல யோசனைதான் என்றேன். போன கிழமை போனில் அவர் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஊர்காவற்றுறையில இருந்து படகு ஒழுங்கா ஓடுதோ?"

"வெளிக்கிட முதல் ஒருக்கால் எடு, கடலைப் பாத்துச் சொல்லுறன்" என்றார் அப்பா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ணெயையும்" என்றார்.